வெள்ளை ஒயின் சங்ரியா: சுவை பிசகினால் எங்கே தேடுவது, எப்படிச் சரிசெய்வது

ஒயினில் பழத்துண்டும் சாறும் பிராந்தியும் ஊறவைத்துச் செய்யும் பானமே சங்ரியா. சிவப்பு ஒயினில் செய்யும் சங்ரியாவில் மறைந்துவிடும் பிழைகள் வெள்ளை ஒயினில் மறைவதில்லை. சிவப்பின் துவர்ப்பும் அடர்நிறமும் ஆரஞ்சுத்தோலின் கசப்பையும், கறுத்துப்போன ஆப்பிளையும், மட்டமான பிராந்தியையும் ஓரளவுக்கு மூடிவிடும். வெள்ளையிலோ எல்லாம் கண்ணுக்கும் நாக்குக்கும் அப்படியே தெரியும். அப்போது பெரும்பாலோரின் கை முதலில் சர்க்கரைப் பாத்திரத்துக்குத்தான் போகும். அந்தக் கையைச் சற்று நிறுத்திவைப்பதே இந்தக் குறிப்பின் நோக்கம். சர்க்கரை பிழையை மறைக்குமே தவிர நீக்காது. போட்ட சர்க்கரையைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. ஆகவே, கீழே உள்ள அறிகுறிகளில் உங்கள் ஜாடிக்குப் பொருந்துவதைக் கண்டுபிடித்து, அதற்குரிய காரணத்தை உறுதிசெய்துகொண்ட பிறகே எதையும் சேர்க்கவும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டும். நான் அடிப்படையாகக் கொள்வது இது: இனிப்பில்லாத வெள்ளை ஒயின் 750 மி.லி. பாட்டில் ஒன்று, பிராந்தி அல்லது ஆரஞ்சு லிக்கர் (ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது) 60 மி.லி., புதிதாகப் பிழிந்த ஆரஞ்சுச் சாறு 60 மி.லி., சர்க்கரையும் நீரும் சம எடையில் கரைத்த பாகு 30 மி.லி., பழுத்த பீச் ஒன்று, ஆப்பிள் பாதி, ஒரு கைப்பிடி பச்சைத் திராட்சை, ஆரஞ்சு வில்லைகள் நான்கைந்து. ஆரஞ்சு வில்லைகள் தவிர மற்றவையெல்லாம் ஃப்ரிட்ஜில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஊறும், வில்லைகள் கடைசி ஒரு மணி நேரத்துக்கு மட்டும்; பரிமாறும் நேரத்தில் 250 மி.லி. குளிர்ந்த சோடா சேர்கிறது. சோதித்துப் பார்க்கும்போது ஜாடியில் கைவைக்க வேண்டாம். ஒரு சிறு கிளாஸில் 50 மி.லி. ஊற்றி, மருந்தை முதலில் அதில் போட்டுப் பாருங்கள். பரிமாறும் குளிர்ச்சியில்தான் சுவைக்க வேண்டும் என்பதும் முக்கியம், ஏனெனில் அறை வெப்பத்தில் சரியாக இருந்த இனிப்பு 6 டிகிரியில் குறைவாகத் தோன்றும்.

சப்பென்று, தண்ணீர் கலந்ததுபோல் இருக்கிறது

அதிகம் கேட்கப்படும் குறை இதுதான்; இதற்குக் காரணங்கள் இரண்டு, அவற்றுக்கான மருந்துகளோ நேர் எதிரானவை. சோதனைக் கிளாஸில் எலுமிச்சைச் சாறு மூன்று நான்கு சொட்டு விட்டுக் கலக்கிச் சுவையுங்கள். சுவை சட்டென்று எழுந்து நின்றால் குறை புளிப்பில் இருக்கிறது. ஜாடிக்கு 15 மி.லி. எலுமிச்சைச் சாறு சேர்த்தால் பெரும்பாலும் போதும். வெறும் புளிப்பு மட்டும் கூடி, உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தால், கலவை நீர்த்துப்போய்விட்டது.

நீர்த்துப்போவதற்குச் சோடாவை அதிகமாக ஊற்றியது காரணமாக இருக்கலாம் என்றாலும், நான் முதலில் சந்தேகிப்பது ஐஸைத்தான். குளிராத ஒயினை ஐஸ் போட்டுக் குளிரவைக்கும் வழக்கம் இந்தப் பானத்துக்கு எமன். 28 டிகிரியில் இருக்கும் 900 மி.லி. கலவையை 6 டிகிரிக்கு இறக்க, ஏறக்குறைய 230 கிராம் ஐஸ் முழுவதுமாக உருகியாக வேண்டும். அதாவது, நீங்கள் சோடா ஊற்றுவதற்கு முன்பே கிட்டத்தட்ட சோடா அளவுக்குத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. ஒயின், சாறு, சோடா, பழம் அனைத்தையும் தனித்தனியே ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவைத்த பின் கலந்தால், ஐஸ் என்பது கிளாஸில் இரண்டு கட்டி போடுவதோடு முடிந்துவிடும். நேரம் இல்லையென்றால், ஒரு வாளியில் ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி எடுத்து, ஒரு கைப்பிடி உப்புப் போட்டு, பாட்டிலைக் கழுத்துவரை மூழ்கவையுங்கள். வெறும் ஐஸில் புதைப்பதைவிட இது மிக விரைவாகக் குளிரவைக்கும், சுமார் 20 நிமிடங்களில் வேலை முடியும். ஐஸுக்குப் பதிலாக உறையவைத்த பச்சைத் திராட்சையைப் போடுவது இன்னும் நல்லது.

ஏற்கெனவே நீர்த்துவிட்ட ஜாடிக்கு என்ன செய்வது? பிராந்தியை ஊற்றி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அது சுவையைக் கூட்டாமல் காட்டத்தை மட்டுமே கூட்டும். மிதக்கும் ஐஸை வடித்தெடுத்துவிட்டு, புதிய ஒயின் ஒரு கிளாஸும், ஆரஞ்சுச் சாறு 30 மி.லி.யும் சேருங்கள்.

புளிப்பு குறைந்த ஒயினை வாங்கியிருந்தால் இந்தச் சிக்கல் ஒவ்வொரு முறையும் வரும். ஸ்பெயினின் வெள்ளை ஒயின்களில் சங்ரியாவுக்கு நன்றாகப் பொருந்துபவை ருவேதா பகுதியின் வெர்தெஹோ, கலீசியாவின் ரியாஸ் பைஷாஸில் விளையும் அல்பரீன்யோ ஆகியவை. அல்பரீன்யோ விலை கூடியது என்பதால் அதைப் பழத்தோடு கலப்பது எனக்கு மனம் ஒப்பாத செயல், வெர்தெஹோவே போதும். போர்ச்சுகலின் வின்யு வெர்தும் நல்ல தேர்வு. லா மான்சாவின் வெயிலில் விளையும் ஐரென் மலிவானது, ஆனால் தனக்கென்று பெரிய மணம் இல்லாதது. அதை எடுத்தால் எலுமிச்சையும் பழமும் கூடுதலாக வேண்டும்.

கசக்கிறது

கசப்பு எப்போது வந்தது என்பதே இங்கே துப்பு. கலந்த உடனே கசந்தால் ஒரு காரணம், சில மணி நேரம் கழித்துக் கசந்தால் வேறு காரணம்.

உடனே கசந்தால் முதலில் சோடா பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். சோடா என்று நினைத்து டானிக் வாட்டரை ஊற்றியிருந்தால் அதிலுள்ள குவினைன்தான் கசக்கிறது. அது இல்லையென்றால் ஒயினைத் தனியே சுவையுங்கள். மரப்பீப்பாயில் முதிர்ந்த வெள்ளை ஒயினில் இருக்கும் மரச்சுவையும் வெனிலா மணமும் ஆரஞ்சோடு சேரும்போது ஒருவிதக் கசப்பாக நாக்கில் தங்கும். ஸ்பெயினின் ரியோஹா பகுதியின் வெள்ளை ஒயின்களில், பீப்பாயில் முதிர்ந்தது, முதிராதது என இரு வகையும் உண்டு. லேபிளில் கிரியான்ஸா என்றிருந்தால் அது பீப்பாயில் இருந்தது, சங்ரியாவுக்கு வேண்டாம். அதே விதி பீப்பாயில் முதிர்ந்த ஷார்டனே என்னும் வெள்ளை ஒயினுக்கும்.

நேரம் கழித்து வரும் கசப்புக்குக் குற்றவாளி ஆரஞ்சும் எலுமிச்சையுமே. தோலின் மஞ்சள் பகுதிக்கும் சுளைக்கும் நடுவே பஞ்சுபோல் இருக்கும் வெள்ளைப் பகுதியிலும், சுளைகளைப் பிரிக்கும் சவ்விலும், விதையிலும் ஒரு பொருள் இருக்கிறது. அது தன்னளவில் கசக்காது. பழத்தை வெட்டியதும் அது சாற்றின் புளிப்பைச் சந்தித்து மெல்ல மெல்ல லிமோனின் என்னும் கசப்புப் பொருளாக மாறுகிறது. அதனால்தான் மதியம் கலந்து சுவைத்தபோது அருமையாக இருந்த ஜாடி இரவு விருந்தில் முகம் சுளிக்கவைக்கிறது. நேவல் வகை ஆரஞ்சில் இது அதிகம், வாலென்சியா வகையில் குறைவு. ஆகையால், வில்லைகளை அழகுக்காகப் போட விரும்பினால் பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போட்டால் போதும். ஊறவைக்க வேண்டும் என்றால், மேல்தோலை மட்டும் வெள்ளை ஒட்டாமல் பட்டையாகச் சீவியெடுத்து ஜாடியில் போட்டு, மீதியுள்ள வெள்ளையைக் கத்தியால் முழுவதுமாக நீக்கிவிட்டுச் சுளையைத் தனியே சேருங்கள். சீவிய தோலைத் திருப்பிப் பாருங்கள்: உட்புறத்தில் தோலின் துளைகள் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் சரியாகச் சீவியிருக்கிறீர்கள், வெண்மை மூடியிருந்தால் இன்னும் ஒருமுறை கத்தியைப் படுக்கவைத்து இழுக்க வேண்டும். வில்லைகளை மத்தால் நசுக்கச் சொல்லும் செய்முறைகள் உண்டு. வெள்ளை ஒயினுக்கு அது ஆகாது.

கசந்துவிட்ட ஜாடியிலிருந்து கசப்பை எடுக்க முடியாது. ஆனால் தணிக்கலாம். ஆரஞ்சு, எலுமிச்சைத் துண்டுகளை உடனே அகற்றுங்கள், இல்லையென்றால் கசப்பு ஏறிக்கொண்டேதான் இருக்கும். பிறகு ஜாடிக்கு ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கலக்குங்கள். உப்புச் சுவை தெரியாத அளவிலேயே அது கசப்பை நாக்கில் அடக்கும். அதுவும் போதாவிட்டால் பாகு ஒரு தேக்கரண்டி. சர்க்கரைக்கு நான் அனுமதி கொடுக்கும் ஒரே இடம் இதுதான்.

பழம் நிறைய இருக்கிறது, பழச்சுவை இல்லை

துண்டுகள் ஜாடியில் மிதக்கின்றன, ஆனால் குடித்தால் ஒயினும் சோடாவும்தான் தெரிகின்றன. கலக்கிய வரிசை தவறியதால் வருவது இது. குளிர்ந்த ஒயினில் நேராகப் போட்ட பழம் தன் சாற்றைச் சீக்கிரம் விடாது. பழத்தை முதலில் ஒரு கிண்ணத்தில் பிராந்தியோடும் பாகோடும் புரட்டி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் மூடிவையுங்கள். சர்க்கரை பழத்திலிருந்து சாற்றை வெளியே இழுக்கும். பிராந்தியின் செறிந்த ஆல்கஹால் அதன் மணத்தைக் கரைத்தெடுக்கும். கிண்ணத்தின் அடியில் மணமுள்ள சாறு தேங்கி நிற்பதைப் பார்த்த பிறகு ஒயினை ஊற்றினால் அந்த வேறுபாடு முதல் மிடறிலேயே தெரியும்.

வரிசை சரியாக இருந்தும் சுவை வரவில்லை என்றால் பழத்தைச் சந்தேகியுங்கள். பீச்சைக் காம்புப் பக்கம் முகர்ந்தால் மணம் வர வேண்டும். கல்போல் இருக்கும் பீச் எத்தனை மணி நேரம் ஊறினாலும் கல்தான். ஆப்பிள் கடிப்பதற்கு நன்றாக இருக்கும், கண்ணுக்கும் அழகு, ஆனால் பானத்துக்கு அது கொடுப்பது மிகக் குறைவு. செய்முறைகளில் அதற்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று எனக்குப் புரிந்ததில்லை. பீச், நெக்டரின், முலாம்பழம், ஸ்ட்ராபெர்ரி ஆகியவையே சுவையைக் கொடுப்பவை. மாம்பழம் கிடைக்கும் ஊரில் அதுவும் நன்றாகச் சேரும், நார் இல்லாத வகையாக இருந்தால். நல்ல பழம் கிடைக்காத பருவத்தில் உறையவைத்த பீச் துண்டுகளை வாங்குங்கள். உறையும்போது பழத்தின் செல்சுவர்கள் உடைந்துவிடுவதால், உருகியதும் சாறு தானே வழியும். உருவம் குலையும், சுவை குலையாது. துண்டுகள் அரை அங்குலத்துக்கு மேல் பெரிதாக இருக்க வேண்டாம்.

தெவிட்டுகிறது

கூட்டிப் பாருங்கள். 30 மி.லி. பாகில் சுமார் 18 கிராம் சர்க்கரை இருக்கிறது. சோடாவுக்குப் பதில் இனிப்பு லெமன் பானத்தை ஊற்றியிருந்தால், பல நாடுகளில் விற்கப்படும் சாதாரண வகையில் 100 மி.லி.க்குச் சுமார் 10 கிராம் என்ற கணக்கில் 250 மி.லி.யில் இன்னொரு 25 கிராம். அதற்கு மேல் ஆரஞ்சு லிக்கர், பழச்சாறு, பழம். ஒயினே அரை இனிப்பு வகையாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஸ்பெயினின் பாட்டில்களில் ஸெக்கோ என்றிருப்பதே இனிப்பில்லாதது. ஸெமிதுல்ஸே என்றால் அரை இனிப்பு, அப்போது பாகையே விட்டுவிடலாம். மருந்து எலுமிச்சைச் சாறும், இனிப்பில்லாத சோடாவும், இன்னும் கொஞ்சம் இனிப்பில்லாத ஒயினும்.

காட்டம் தூக்கலாக இருக்கிறது

தொண்டையில் எரிந்தால் பிராந்தி அதிகம், அல்லது கலவை ஊற நேரம் கொடுக்கப்படவில்லை. மேலே சொன்ன அளவில் ஒயின் 12 விழுக்காடு, பிராந்தி 40 விழுக்காடு என்று வைத்தால், சோடா சேர்க்குமுன் கலவையின் ஆல்கஹால் ஏறக்குறைய 12.7 விழுக்காடு, சோடா சேர்த்தபின் சுமார் 10. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறை விற்பனைக்கு வரும் சங்ரியாவுக்குக் குறைந்தது 4.5 விழுக்காடு, 12க்குக் கீழ் என்று வரம்பு வைத்திருக்கிறது. வெள்ளை ஒயினில் செய்வதை அதே விதிமுறை க்ளாரேயா என்ற தனிப் பெயரில் வைத்தாலும் வரம்பு அதேதான். பிராந்தியை 120 மி.லி. ஆக்கினால் நீங்கள் அந்த மேல்வரம்பின் விளிம்பில் நிற்கிறீர்கள். காட்டமான ஜாடியை ஒயினும் சாறும் சேர்த்து விரிவாக்குங்கள், பிறகு இன்னும் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் விடுங்கள்.

எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஆபத்தையும் இங்கே சொல்ல வேண்டும். காட்டமே தெரியாமல் நன்றாக அமைந்த சங்ரியா பழச்சாறுபோலவே இறங்கும், அடியில் கிடக்கும் பழத்துண்டுகளிலோ ஊறிய பிராந்தி இருக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஜாடியை மேசையில் விட்டுவைக்காதீர்கள். வண்டி ஓட்டப்போகிறவருக்குப் பழத்தையும் சேர்த்தே மறுத்துவிடுங்கள்.

வாடை சரியில்லை

இதை ஜாடியில் கண்டுபிடித்தால் தாமதம். பாட்டிலைத் திறந்ததும் ஒரு கிளாஸில் ஊற்றி முகர்ந்திருக்க வேண்டும். நனைந்த அட்டைப்பெட்டி அல்லது ஈரச்சுவர் வாடை வந்தால் தக்கையிலிருந்து வந்த கேடு. எந்தப் பழத்தாலும் அதை மீட்க முடியாது, பழம் அதோடு சேர்ந்து வீணாகும். பாட்டிலைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். வினிகர் நெடி வந்தால் அந்த ஒயின் சமையலுக்குத்தான். நிறம் பொன்னைத் தாண்டிப் பழுப்பேறி, அடிபட்ட ஆப்பிளின் மணம் வந்தால் காற்றுபட்டுப் பழசானது. நெடி லேசாக இருந்தால் பீச்சும் எலுமிச்சையும் சமாளிக்கும், கடுமையாக இருந்தால் சமாளிக்காது. இவற்றில் பயப்பட வேண்டாதது எரிந்த தீக்குச்சி அல்லது லேசான அழுகிய முட்டை வாடை. திருகுமூடி பாட்டில்களில் இது அவ்வப்போது வரும். ஒயினை இரண்டு ஜாடிகளுக்கு இடையே டீக்கடையில் ஆற்றுவதுபோல் நாலைந்து முறை மாற்றி ஊற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

பட்டை, கிராம்பு நெடி மற்றதையெல்லாம் அமுக்கிவிட்டால், அவை சிவப்புச் சங்ரியாவின் செய்முறையிலிருந்து வந்திருக்கின்றன. எடுத்துவிடுங்கள். வெள்ளைக்கு நறுமணம் வேண்டுமென்றால் புதினாத் தளிர் ஒன்று போதும், அதுவும் கிளாஸில், கடைசியாக.

நிறம் கெட்டது, கலங்கலாக இருக்கிறது

ஆப்பிளும் பீச்சும் வெட்டிய சில நிமிடங்களில் பழுப்பேறுவது அவற்றின் நொதி காற்றோடு வினைபுரிவதால். வெட்டும்போதே எலுமிச்சைச் சாற்றில் புரட்டினால் அந்த நொதி தளர்ந்துவிடும். ஜாடியில் மேலே மிதக்கும் துண்டுகள் கறுக்காமல் இருக்க அவை முழுகும் அளவுக்கு ஒயின் இருக்க வேண்டும். ஏற்கெனவே கறுத்ததை வெளுக்கவைக்க முடியாது, ஆனால் சுவைக்குக் கேடில்லை; கண்ணுக்கு ஒவ்வாவிட்டால் வடித்துவிட்டுப் புதிதாக வெட்டிப் போடுங்கள். ஸ்ட்ராபெர்ரி வெளுத்து, பானம் இளஞ்சிவப்பானால் அதன் நிறம் ஒயினில் இறங்கியிருக்கிறது, அவ்வளவே. அதை விரும்பாதவர் ஸ்ட்ராபெர்ரியைக் கிளாஸில் மட்டும் போடலாம்.

கலங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் அதிகமாகப் பழுத்த பீச்சின் சதையும் அதிலுள்ள பெக்டின் என்னும் பசைப்பொருளும். கெடுதல் ஒன்றுமில்லை. மெல்லிய துணியில் வடிகட்டினால் பெருமளவு தெளியும், முழுவதும் தெளியாது. சோம்பு மணமுள்ள மதுவைச் சேர்த்திருந்தால் நீர் பட்டதும் பால்போல் வெளுக்கும். அது அதன் இயல்பு.

அடியில் பரல் தங்குகிறது

குளிர்ந்த ஒயினில் சர்க்கரையை நேராகக் கொட்டினால் கரையாமல் அடியில் உட்காரும். முதல் கிளாஸ் புளிக்கும், கடைசிக் கிளாஸ் தெவிட்டும். பாகாகக் காய்ச்சி, ஆறவைத்துச் சேர்ப்பதே வழி. சர்க்கரையே போடாத பாட்டிலின் அடியில் கண்ணாடித் துகள்போல் மின்னும் படிகங்களைக் கண்டு சிலர் பயந்து கொட்டிவிடுகிறார்கள். அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. ஒயின் நன்றாகக் குளிரும்போது படிவது. சுவையும் இல்லை, தீங்கும் இல்லை. கடைசி ஒரு வாய் அளவை விட்டுவிட்டு ஊற்றினால் போதும்.

நுரைக்கவில்லை

சோடாவை முன்கூட்டியே ஊற்றினீர்கள், அல்லது அது குளிரவில்லை. வெதுவெதுப்பான நீரில் கரியமில வாயு தங்காது, பழத்துண்டுகளின் சொரசொரப்பான ஓரங்கள் வேறு அதைக் குமிழ்களாக வெளியேற்றும். சோடாவைக் கிளாஸ் கிளாஸாக, ஜாடியின் கலவை ஊற்றிய பின் மேலே விடுங்கள். கரண்டியால் ஒரே ஒரு முறை அடியிலிருந்து தூக்கினால் போதும். காசு கொஞ்சம் கூடினாலும் சரி என்பவர் சோடாவுக்குப் பதில் ஸ்பெயினின் காத்தலோனியாவிலிருந்து வரும் காவா என்னும் நுரைக்கும் ஒயினை ஊற்றலாம். ஆனால் அப்போது பிராந்தியைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

மறுநாள் எடுத்தால் மாறியிருக்கிறது

மாறத்தான் செய்யும். பழம் கூழாகி, ஓரங்கள் பழுப்பேறி, ஆரஞ்சு இருந்தால் கசப்பும் ஏறியிருக்கும். மீந்துபோகும் என்று தெரிந்ததும் அன்றிரவே பழத்தை முழுவதும் வடித்தெடுத்து, சோடா கலக்காத நீர்மத்தை மட்டும் சிறிய பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் முழுவதும் நன்றாக இருக்கும், மூன்றாம் நாளுக்கு நான் பொறுப்பல்ல. அலுமினியம், பித்தளைப் பாத்திரங்களில் வைக்க வேண்டாம், புளிப்பு உலோகத்தைத் தின்னும். சோடா கலந்து மீந்ததற்கு இன்னொரு வழி உண்டு: அகலமான தட்டில் ஊற்றி உறைபெட்டியில் வைத்து, மணிக்கொரு முறை முள்கரண்டியால் கீறிவிடுங்கள். ஆல்கஹால் இருப்பதால் அது கட்டியாக இறுகாது, பொடிப்பொடியான பனியாகவே நிற்கும். கரண்டியால் அள்ளிச் சாப்பிடலாம்.